கருத்துப் படிவத்தில் நான் எழுதிய வரி

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பி.டி. மிஸ்ஸைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கருத்து கேட்டார்கள். நல்லவிதமாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வாரத்தில் அவருக்கு வேலை போய்விட்டது.

கடலூரில் மஞ்சக்குப்பம் பக்கம் இருந்த மெட்ரிக் பள்ளி அது. அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். வீடு புதுப்பாளையத்தில், சைக்கிளில் போய்விடும் தூரம். மிஸ் வருவதற்கு முன் பி.டி. பீரியட் என்பது எங்களுக்கு டைம்டேபிளில் மட்டும்தான் இருந்தது. மணி அடித்ததும் கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். எப்போதாவது அவர் லீவு போட்டால் பையன்களை மைதானத்துக்கு அனுப்புவார்கள். எங்களைச் சைக்கிள் ஷெட் நிழலில் உட்காரவைத்து, சத்தம் போடாமல் படிக்கச் சொல்வார்கள்.

மிஸ்ஸுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். புவனகிரிப் பக்கத்துக்காரர். கோ-கோ ஆடியவர். சுடிதார் டாப்புக்குக் கீழே டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு வருவார். சேர்ந்த முதல் வாரமே எங்கள் வகுப்பு வாசலில் நின்று, போர்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு சாரிடம், “சார், இது என் பீரியட்” என்றார். சார் திரும்பிப் பார்த்துவிட்டு, பாதிக் கணக்கோடு வெளியே போனார். அப்படி ஒருவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

என் பக்கத்தில் உட்காருகிறவள் முதுநகரில் இருந்து ஆட்டோவில் வருவாள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிறும் வலையும் விற்கிற கடை இருந்தது. தலையில் போட்ட துணியை இரண்டு ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு ஓடுவாள். கோ-கோவில் அவளைப் போலத் துரத்திப் பிடிக்க யாராலும் முடியாது. மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். அவள் வீட்டு மீன் குழம்பு எனக்கு, எங்கள் வீட்டுப் புளிசாதம் அவளுக்கு.

மிஸ் மைதானத்துக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஐந்தாறு பேர் வயிற்றுவலி என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவோம். நான் பெரும்பாலும் அதில் ஒருத்தி. மிஸ் திட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிக் கிடந்த ஒரு நாள், பையன்களை வேறு சாரோடு மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, வகுப்புக் கதவைச் சாத்தினார். “டைம்டேபிள்ல ஹெல்த்துன்னு ஒரு பீரியட் இருக்கு, பாத்திருக்கீங்களா? இன்னைக்கு அதான்” என்றார். போர்டில் ஒரு படம் வரைந்தார். எங்களுக்கு அது கொம்பு முளைத்த ஆட்டுத்தலை மாதிரி தெரிந்தது. என் தோழிதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். “இந்த ஆட்டுத்தலதான் உங்க ஒவ்வொருத்தர் வயித்துலயும் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கருப்பை என்று அதற்குக் கீழே எழுதினார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு பீரியட் அப்படிப் போனது. கேட்க வெட்கமாக இருந்தால் சீட்டில் எழுதிப் போடச் சொல்லி, ஒரு ஷூ டப்பாவை மேஜைமேல் வைத்தார். பேர் வேண்டாம் என்றார். ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகுமா, தலைக்குக் குளிக்கலாமா, ஓடினால் ஏதாவது ஆகுமா என்றெல்லாம் சீட்டுகள் வந்தன. எனக்கு அப்போது ஒரு பயம் இருந்தது. மாதாமாதம் ஒன்பது நாள், பத்து நாள் என்று நிற்காமல் போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அம்மாவிடம் சொன்னால், “இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்” என்பார். நான் சீட்டில், “பத்து நாள் ஆகியும் நிக்க மாட்டேங்குது. எனக்கு கேன்சரா மிஸ்?” என்று எழுதிப் போட்டேன்.

மிஸ் அதை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. “இத எழுதுன பொண்ணு யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். கேன்சரா இருக்காது, பயப்படாத. ஆனா சும்மாவும் விடக் கூடாது. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு. மிஸ் ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லு” என்றார். அந்த “மிஸ் சொன்னாங்க” வேலை செய்தது. அம்மா டாக்டரிடம் கூட்டிப் போனார். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது மைதானத்தை இரண்டு சுற்று ஓட முடிந்தது. மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டேன் என்றாலும், இரண்டு ஓடினேன் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

பிப்ரவரியில்தான் கருத்துப் படிவம் வந்தது. பள்ளிக்கு ஏதோ தரச் சான்று வாங்கப் போவதாகவும், ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர்கள் கருத்து வேண்டும் என்றும் வகுப்பு டீச்சர் சொன்னார். பேர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை எழுதலாம் என்றார். உடற்கல்விக்கும் சுகாதாரக் கல்விக்கும் சேர்த்து ஒரு தாள் இருந்தது. டிக் அடிக்க வேண்டிய கட்டங்களுக்குக் கீழே, பிடித்தது என்ன என்று இரண்டு கோடு, மேம்படுத்த உங்கள் யோசனை என்று இரண்டு கோடு.

பிடித்தது என்ற இடத்தில், வீட்டில் சொல்லித் தராததை எல்லாம் மிஸ் சொல்லித் தருகிறார், எனக்கு இருந்த பயம் போய்விட்டது என்று எழுதினேன். யோசனை என்ற இடத்தில், இந்தப் பாடத்தை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினேன். அதற்குக் காரணம் இருந்தது. அந்த மாதம்தான் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தியின் யூனிஃபார்மில் கறை பட்டு, பையன்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் நினைத்தது. என் தோழி, கோ-கோ கம்பம் ஆடுகிறது, புதுக் கம்பம் வேண்டும் என்று எழுதி என்னிடம் காட்டினாள். என்னுடையதைக் கேட்டாள். கேன்சர் சீட்டு என்னுடையது என்று தெரிந்துவிடுமோ என்று கையால் மறைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா போனார். திரும்பி வந்து புடவையைக்கூட மாற்றாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.

“உங்க பி.டி. மிஸ்ஸப் பத்திதான் ஒரே சண்டை” என்றார்.

“எதுக்கும்மா?”

“ஏதோ புள்ளைங்ககிட்ட எழுதி வாங்குனாங்களாமே. அத படிச்சுக் காட்டுனாங்க. ஆம்பளப் பசங்களுக்கும் சேத்து எடுக்கணும்னு ஒண்ணு எழுதியிருக்கு. அந்த மிஸ் சொல்லிக்குடுத்துத்தான் எழுதியிருக்கும்னு பேசிக்கிறாங்க. ஒருத்தரு எழுந்து, நாளைக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் படம் போட்டுக் காட்டுவீங்களான்னு அந்தக் கத்து கத்துறாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலியாம்மா? மிஸ் சொல்லித்தான நாம டாக்டர்கிட்ட போனோம்?”

“நான் இன்னாத்த சொல்றது? அத்தினி ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க.” முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “உன் பக்கத்துல உக்காருமே, பாய் வீட்டுப் பொண்ணு, அதோட அம்மா ஒருத்திதான் எழுந்து பேசுனாங்க. இதுல தப்பு இன்னா இருக்கு, என் பொண்ணு எல்லாத்தையும் வந்து எங்கிட்ட சொல்லுது, அந்த டீச்சர் நல்லதத்தான் சொல்லிக்குடுக்குறாங்கன்னாங்க. யாரு காதுல வாங்குனா? உக்காருங்கம்மான்னுட்டாங்க.”

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அத நீ எழுதல இல்ல?”

“இல்லம்மா.”

அம்மா வேறு எதுவும் கேட்காமல் சமையலறைக்குப் போனார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பயம் போய்விட்டது என்ற வரியையும் அங்கே படித்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியடில் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மிஸ் தோளில் ஒரு பையோடு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அன்று புடவை கட்டியிருந்தார். அவர் புடவை கட்டி நாங்கள் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தி “மிஸ்” என்று கூப்பிட்டாள். மிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குள் கணக்கு சார் உள்ளே வந்து, போர்டைத் துடைத்து, பாடத்தை ஆரம்பித்தார்.

மத்தியானமே பேச்சு கிளம்பிவிட்டது. “அவ அம்மாதான் மீட்டிங்ல எழுந்து பேசுனாங்களாம்” என்றாள் ஒருத்தி. “இன்னா பேசியிருப்பாங்க? அவுங்க வீட்டுல இதெல்லாம் ஒத்துக்குவாங்களா?” என்றாள் இன்னொருத்தி. எழுந்து பேசியது உண்மை. என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. தலையில் துணி போட்ட வீடு, அதனால் இப்படித்தான் பேசியிருக்கும் என்று முடிவாகிவிட்டது. என் தோழி கை கழுவப் போயிருந்தாள். நான் அங்கேயே, வாயில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா மிஸ்ஸுக்காகத்தான் பேசினார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். எங்கம்மா சொன்னாங்க என்றால், வேறு என்ன சொன்னாங்க என்பார்கள். அந்தத் தாளை யார் எழுதியது என்ற இடத்தில் பேச்சு வந்து நிற்கும். சோற்றை விழுங்கினேன்.

அதன்பின் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, பையன்களின் சார் எங்களையும் விளையாட விட்டார். கோ-கோவில் துரத்துகிற அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருக்க, துரத்துகிறவள் அவர்களில் யாராவது ஒருத்தி முதுகில் தட்டி “கோ” கொடுக்க வேண்டும். தட்டப்பட்டவள்தான் எழுந்து ஓடலாம். என் தோழி முதுகில் யாரும் தட்டவில்லை. முழு ஆட்டமும் அவள் அந்தக் கட்டத்தில் குந்தியபடியே, எழுவதற்குத் தயாராக ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருந்தாள். நானும் அந்த அணியில்தான் இருந்தேன். இரண்டு முறை அவள் பக்கமாக ஓடினேன். இரண்டு முறையும் அடுத்தவளுக்குத்தான் கொடுத்தேன்.

அன்று மாலை சைக்கிள் ஷெட்டுக்கு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“எங்கம்மா மிஸ்ஸுக்காகத்தான் பேசுனாங்க. நான் சொன்னா எவளும் நம்ப மாட்டேங்குறா. உங்கம்மாவும் அங்கதான இருந்தாங்க? உனக்குத் தெரியும் இல்ல?”

“எங்கம்மா சீக்கிரமே கெளம்பி வந்துட்டாங்க. எனக்குத் தெரியாதுப்பா” என்றேன்.

கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு அவளுடைய ஆட்டோ வந்தது. முழுப் பரீட்சை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆனால் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்துகொண்டாள். பத்தாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. டி.சி. வாங்கிப் பெண்கள் பள்ளிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதைச் சொன்னவள் மறுபடியும், “பாத்தியா, அவுங்க வீட்டுல அப்படித்தான்” என்றாள்.

பிளஸ் டூ முடித்து, லேப் டெக்னீஷியன் படித்து, இப்போது சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விடிகிற நேரத்துக்குக் கடலூரில் பஸ் ஏறினால்தான் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும்போது போய்ச் சேர முடியும். போன வருடம் ஒரு காலையில் அந்த வரிசையில் மிஸ் உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சீட்டில் இருந்த பேரைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையின் சீருடைப் புடவை கட்டி, அந்தக் கடை பேட்ஜைக் குத்தியிருந்தார். உடம்பு கனத்திருந்தது. காலில் செருப்பு வார் பதிந்து, அதைச் சுற்றி வீங்கியிருந்தது.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போது, “மிஸ், நான் உங்க ஸ்டூடன்ட்” என்றேன். பள்ளியையும் வகுப்பையும் சொன்னேன்.

“அப்படியா?” என்று லேசாகச் சிரித்தார். “முகம் ஞாபகம் இல்லம்மா. கோ-கோ ஆடுவியா?”

“சுமாரா ஆடுவேன் மிஸ்.”

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அனுப்பினேன். அந்த இரண்டு மணி நேரமும் சொல்லலாமா வேண்டாமா என்றே ஓடியது. திரும்பி வந்து அவர் கையை நீட்டியபோது, ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு, விஷயத்தையும் சொன்னேன்.

“பசங்களுக்கும் சேத்து எடுக்கணும்னு ஒரு பேப்பர் வந்துதே மிஸ். அத நான்தான் எழுதுனேன்.”

மிஸ் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். வெளியே அடுத்தவர் பேரைக் கூப்பிட்டார்கள். “கொஞ்சம் இருங்க” என்று கதவைப் பாதி சாத்தினேன்.

“அந்தப் பேப்பர என் முன்னாடி வெச்சு, நீ சொல்லித்தான அந்தப் புள்ள எழுதுச்சுன்னு கேட்டாங்க” என்றார் மிஸ். “இல்லன்னேன். அப்ப எழுதுனது யாருன்னு சொல்லு, கூப்ட்டு விசாரிக்கிறோம்னாங்க. தெரியாதுன்னேன்.”

“நெஜமாவே தெரியாதா மிஸ்?”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனோ என்னவோ. எனக்கு வேல வேணும் இல்ல?”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்டால் விடை சொல்வது போலச் சொன்னார்.

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனேன் மிஸ்.”

“அதுக்கப்புறம் மூணு ஸ்கூல்ல கேட்டேன். எல்லாரும் அங்க ஒரு போன் போட்டு விசாரிப்பாங்க. அதோட கூப்புட மாட்டாங்க.” பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. “இத்தன வருஷம் கழிச்சு இப்ப ஏன் சொல்ற?”

“மனசு கேக்கல மிஸ்.”

“சரி. சொல்லிட்ட இல்ல.” எழுந்து புடவையைச் சரிசெய்தார். கதவருகே போய் நின்றார். “அந்த முதுநகர்ப் பொண்ணோட அம்மா மட்டும் எனக்கு போன் பண்ணுவாங்க. ரெண்டு மூணு வருஷம் பெருநாளைக்கெல்லாம் பண்ணாங்க. அப்புறம் என் நம்பர் மாறிடுச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா? உங்க செக்‌ஷன்தான அவளும்?”

தெரியவில்லை என்று சொன்னேன். மிஸ் தலையாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்க அவர் வரவில்லை. கடைப் பையன் ஒருவன் வந்து வாங்கிப்போனான். சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதுநகர் போனேன். கயிற்றுக் கடை இப்போது செல்போன் கடையாகியிருந்தது. விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அம்மாதான் கதவைத் திறந்தார். ஒன்பதாம் வகுப்பில் உங்கள் பெண் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று சொன்னதும், “வாம்மா, உள்ள வா” என்று கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். அவளுக்குத் திருச்சியில் கல்யாணமாகி, ஒரு குழந்தை இருக்கிறதாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாளை எழுதியது, அம்மா வந்து சொன்னது, சைக்கிள் ஷெட்டில் தெரியாது என்றது. நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். கிளாஸை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அந்த லீவு பூரா ஸ்கூலே வேணாம்னு அழுதாம்மா. அவளுக்கு உங்க மேலல்லாம் கோவம் இல்ல. எம்மேலதான். நீ ஏன் எழுந்து பேசுன, மத்தவங்க மாதிரி கம்முனு இருந்திருக்கக் கூடாதான்னு கேட்டா. இப்பவும் எங்கனா ஒரு விஷயத்துக்கு நான் வாயத் தொறந்தா, ‘ஆரம்பிச்சிட்டியா’ன்னு சொல்லுவா.”

மிஸ் விசாரித்ததைச் சொன்னேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது. எங்கே வேலை பார்க்கிறார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

“உங்க பொண்ணு நம்பர் குடுங்கம்மா, நான் அவகிட்ட பேசணும்” என்றேன்.

யோசித்தார். “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தர்றேனே. நீ உன் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ. அவளே பண்ணுவா.”

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கே போயிருந்தாய் என்று அம்மா கேட்டார். சொன்னேன். “எதுக்கு இப்பப் போயி அதக் கெளறிக்கிட்டு” என்று சொல்லிவிட்டுத் துணி மடிப்பதைத் தொடர்ந்தார்.

அது ஆடி மாதம். இப்போது மாசி. லேபில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்கிறேன். பெரும்பாலும் ரிப்போர்ட் ரெடியா என்று கேட்பவர்கள்தான்.